நார்வேக்குப் போன நாமக்கல் முட்டை

மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. பசியோடு இருப்பவர்கள் கணக்குப் பார்த்துத்தான் பேசுவார்கள். உண்ட மயக்கத்தில் இருக்கிறவளுக்கோ உலகத்தில் உள்ள அத்தனை பேரும் சொந்தக்காரர்களாகத் தெரிவார்கள். எல்லோருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போலத் தோன்றும். நான் அப்படி ஒரு மத்தியானத்தில், கழுவிய கைகூடச் சரியாகக் காயாமல், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். உங்கள் பெயர் எழுதிய நிஜமான நாமக்கல் முட்டை ஓடு உங்கள் வீடு தேடி வரும் என்பதுதான் அது.

(சிரிக்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அது ரொம்பப் பெரிய யோசனையாகத் தெரிந்தது.)

முதலில் இருந்து சொல்கிறேன். நாமக்கல்லில் அப்பாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. கம்பெனியிலிருந்து இன்ஜினும் சேஸிஸும் மட்டும் வரும். கேபின் கட்டி, பின்னால் பலகை அடித்து, பெயின்ட் பூசி, பெயரெழுதி, மாலை போட்டு அனுப்புவது எங்கள் வேலை. நான் நடை பழகியதே பட்டறையின் பலகை அடுக்குகளைப் பிடித்துக்கொண்டுதான். (இந்தப் பலகை அடுக்குகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சரியான நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.)

படித்து முடித்ததும் பெங்களூரில் செல்போன் கேம்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மிட்டாய்களை வரிசையாக அடுக்கும் ஒரு கேமில் எந்த மிட்டாய்க்கு என்ன நிறம் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. சில வருடம் மிட்டாயையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு, எனக்கென்று ஒரு கேம் செய்யாவிட்டால் தலை வெடித்துவிடும் என்ற நிலைமை வந்தது. ராஜினாமா செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். மேனேஜர் நல்ல மனிதர். "எப்போது வேண்டுமானாலும் திரும்பி வா, உன் மிட்டாய் காத்திருக்கும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

என் கேமின் பெயர் 'முட்டை லாரி'. நீங்கள்தான் டிரைவர். நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போக வேண்டும். வழியில் வேகத்தடை வரும், குழி வரும், ஆடு வரும், சாமி ஊர்வலம் வரும், பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு தனியார் பஸ் வரும். பிரேக்கை அழுத்தி மிதித்தால் முட்டை உடையும். போய்ச் சேரும்போது எத்தனை முட்டை முழுசாக இருக்கிறதோ அதுதான் உங்கள் வெற்றி. படம் வரைவதும் இசை போடுவதும் என் கல்லூரித் தோழி ஜெனி. சேலம் சூரமங்கலத்துக்காரி. அவளுடைய அப்பா ரயில்வேயில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசித்துவிட்டு, அதே கையோடு எனக்கு லாரி ஹாரன் வாசிப்பாள்.

பட்டறைக்கு முன்னால் இருந்த சின்ன ஆபீஸ் அறையை அப்பா எனக்கு ஒழித்துக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை.

"தை பொறக்கற வரைக்கும் பாரு சாமி. கேம் முடிஞ்சுதுன்னா சந்தோசம். முடியலீன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு பெங்களூரு வண்டி ஏறிரோணும்."

"சரிங்கப்பா" என்றேன். நியாயமான பேச்சுதான். ஆனால் ஆடி மாதம் வருவதற்குள் என் சேமிப்பு கரைந்துவிட்டது, கேமில் லாரி இன்னும் நாமக்கல் எல்லையையே தாண்டவில்லை. அப்போதுதான் ஜெனி இணையத்தில் ஊர் கூடிப் பணம் போடும் முறையைப் பற்றிச் சொன்னாள். செய்யப்போகிற கேமைப் பற்றி ஒரு வீடியோ போட்டு, பிடித்தவர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கிக்கொள்ளலாம். பதிலுக்குக் கேமும் ஏதாவது சின்னப் பரிசும் கொடுக்க வேண்டும். இதை அப்பாவுக்கு விளக்கினேன்.

"முன்னப்பின்ன தெரியாதவங்க எதுக்குச் சாமி உனக்குக் காசு தரோணும்?"

"இப்பக் குடுத்தாங்கன்னா அத வெச்சு நாம கேமை முடிச்சறலாமுங்கப்பா. முடிஞ்சதும் மொதல்ல அவங்களுக்குக் குடுத்தறோணும்."

"அட, மொய்யி."

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க."

"அப்ப அவங்க ஊட்டு விசேசத்துக்கு நாம போகோணுமல்ல?"

"அவங்கெல்லாம் அமெரிக்கா, நார்வேன்னு இருப்பாங்கப்பா."

அப்பாவின் முகத்தில் உண்மையான கவலை வந்தது. "அவ்வளவு தூரம் எப்படிச் சாமி போறது?"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போறது கெடக்கட்டும். மொய் வெச்சவங்கள வெறுங்கையோடயா அனுப்புவீங்க? தேங்கா பழம் போட்டு ஒரு பை குடுக்க வேண்டாமா?"

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில், தாம்பூலப் பையைக் கையில் திணிக்காமல் யாரையும் மண்டபத்து வாசல்படி இறங்க விட மாட்டார்கள். பை வாங்காமல் போனவர்கள் பட்டியல் போட்டுப் பத்து வருடம் கழித்தும் குறை சொல்வார்கள். அந்த ரத்தம்தானே எனக்கும் ஓடுகிறது. இப்படிப் பணம் திரட்டி ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்தார்கள். தபாலில் போக வேண்டிய பரிசு எதையும் தொடாதே, கம்ப்யூட்டரிலேயே கொடுக்கக்கூடிய பரிசாகப் பார்த்துக் கொடு, எதற்கும் ஒரு எண்ணிக்கை வை என்றெல்லாம். ஜெனி அத்தனையும் எனக்குப் படித்துக் காட்டினாள்.

"அதெல்லாம் பிளாஸ்டிக் பொம்மை அனுப்புறவங்களுக்குடி" என்றேன். "நம்ம ஊர்ல முட்டைக்கா பஞ்சம்?"

"முட்டைக்குப் பஞ்சம் இல்ல சுகு. தபால் செலவு பாத்தியா?"

"காலி முட்டை ஓடு என்ன வெயிட் இருக்கப்போகுது? காத்து மாதிரி பறந்து போயிடும்."

சுகன்யா என்கிற நான் எஞ்சினியரிங் படித்தவள் என்பதை இந்த இடத்தில் பணிவோடு நினைவுபடுத்திக்கொள்கிறேன்.

வீடியோ எடுத்தோம். நான் உருக்கமாகப் பேசும்போது பின்னால் கிரைண்டிங் மெஷின் அலறியது. பாதியில் அப்பா பனியனோடு குறுக்கே நடந்துபோய், கேமராவைப் பார்த்து, திரும்பவும் அதே வழியில் நடந்து வந்தார். கடைசியில் அம்மாவின் "சோறு ஆறுது, வாரியா இல்லியா" என்பதும் பதிவாகியிருந்தது. திரும்ப எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டோம். அந்த வீடியோவை எப்போது வெளியிடுவது என்பதை அம்மா நாள்காட்டி பார்த்துக் குறித்துக் கொடுத்தார். ஆடியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பிவிட்டு, இருப்பதற்குள் நல்ல நேரம் பார்த்துக் காலை பத்தரை என்றார். நாமக்கல்லில் அது நல்ல நேரம்தான். அமெரிக்கா முழுக்க அப்போது தூங்கிக்கொண்டிருந்தது.

முதல் வாரம் மொய் வைத்தவர்கள் என் சித்தப்பா பையன், எருமப்பட்டிப் பெரியம்மாவின் மருமகள், ஜெனியின் சர்ச் பாடகர் குழு, அவ்வளவுதான். அம்மா ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கொண்டார். நான் பெங்களூர் மேனேஜரின் நம்பர் போனில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு காலை, வெளிநாட்டில் விசித்திரமான கேம்களாகத் தேடிப் பிடித்து விளையாடும் ஒருத்தர் எங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டார். கேமைவிட, பனியனோடு குறுக்கே நடந்த அப்பாவை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் நாலு பேருக்குச் சொல்ல, அந்த நாலு பேர் நாற்பது பேருக்குச் சொல்ல, ஜனம் வந்தது. நாங்கள் கேட்ட தொகையைத் தாண்டியது. நானும் ஜெனியும் பலகை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து, அழுதுகொண்டே சிரித்தோம். அப்பா பட்டறை முழுக்க டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார்.

வந்தவர்கள் எந்தப் பரிசைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சாவகாசமாக மறுநாள்தான் பார்த்தேன். கேம் மட்டும் போதும் என்றவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. மற்ற அத்தனை பேரும், அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், பிரேசில், நார்வே எல்லாம் சேர்த்து, முட்டை கேட்டிருந்தார்கள். அதற்கு நான் எண்ணிக்கையும் வைக்கவில்லை, தபால் செலவும் சேர்க்கவில்லை. விலையாகப் போட்டிருந்தது, கிட்டத்தட்ட ஒரு பிளேட் பிரியாணிக் காசு.

"கலியாணத்துக்கு வந்தவங்க எல்லாம் தேங்கா கேக்கறாங்க" என்றார் அப்பா பெருமையாக. அவருக்கு இன்னும் விபரீதம் புரியவில்லை. எனக்கும்தான்.

வேலை ஆரம்பமானது. முட்டையின் இரண்டு முனையிலும் கோணி ஊசியால் துளை போட வேண்டும். ஒரு பக்கம் வாயை வைத்து ஊதினால் மறு பக்கம் உள்ளே இருப்பது ஒழுகும். பிறகு கழுவிக் காய வைத்துப் பெயரெழுத வேண்டும். பத்து முட்டை ஊதினால் காது அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க ஊதினால் சிரிக்கக்கூட முடியாது, தாடை வலிக்கும். ஜெனி வாரம் இரண்டு நாள் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்து என்னோடு உட்கார்ந்து ஊதினாள். நாதஸ்வரம் படித்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும் என்றாள்.

ஊதிய முட்டையின் உள்ளே இருப்பதை என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. ஆவணியில் யோசிக்கவும் தேவைப்படவில்லை. அம்மா ஆம்லெட் போட்டார். பொடிமாஸ் செய்தார். கலக்கி செய்தார். முட்டை தோசை சுட்டார். பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு முதல் நாள் கொண்டாட்டம். ஒரு வாரம் கழித்து, அம்மா தூக்குப்போசியோடு வருவதைப் பார்த்தாலே வெல்டிங் செய்கிறவர் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பாதி முட்டை ஊதி முடிப்பதற்குள் புரட்டாசி பிறந்தது.

எங்கள் பக்கம் புரட்டாசி என்றால் பெருமாள் மாதம். கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டை கிடையாது. பெங்களூரில் இருந்த வருடங்களில் எனக்கு இந்த நினைப்பே விட்டுப் போயிருந்தது. அம்மா நாமம் இட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஊட்டுக்குள்ள ஒத்த முட்டை வரக் கூடாது. சொல்லிப்போட்டேன்."

"அம்மா, வெளிநாட்டுக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேனுங்களே."

"பெருமாளுக்கு நான் அதுக்கு முன்னாலயே குடுத்திருக்கறேன்."

பட்டறையிலும் அத்தனை பேரும் விரதம். ஊரில் முட்டை வாங்க ஆளில்லாமல் விலை சல்லிசாகிவிட்டது. எங்களிடம்தான் முட்டை குடம் குடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. இந்த மாவட்டத்திலேயே அன்றைக்கு அதைச் சாப்பிடக்கூடிய ஒரே ஆளாக என் கண்ணுக்குத் தெரிந்தவள் ஜெனி. அவள் வேதக்காரப் பிள்ளை. பெருமாளுக்கும் அவளுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது.

பாவம், ஜெனி மறுத்துப் பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் மூடியை இறுக்கிக் கட்டிய தூக்குப்போசியோடு சேலம் பஸ் ஏறினாள். கண்டக்டர் ஒரு நாள், "என்னம்மா, வாராவாரம் சேலத்துக்குப் பால் கொண்டு போறியா? சேலத்துல பால் இல்லியா?" என்று கேட்டிருக்கிறார். இவள் ஆமாங்க என்று தலையாட்டியிருக்கிறாள். ஆண்டகளூர் கேட்டில் டிரைவர் பிரேக் போட்டார், மூடி கழன்றது, பஸ்ஸின் நடைபாதை முழுக்க மஞ்சளாக ஒரு பால் ஓடியது. கேமில் நாங்கள் செய்துவைத்திருந்த அதே பிரேக், அதே முட்டை, அதே சேதம். மிச்சமிருந்ததை ஜெனியின் அம்மா கேக்காகச் சுட்டு, ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கக் கொடுத்தார். அந்த வருடம் சூரமங்கலத்தில் அந்தத் தெருவுக்குக் கிறிஸ்துமஸ் புரட்டாசியிலேயே வந்துவிட்டது.

பெயரெழுதும் வேலையைப் பெயின்டர் கந்தசாமி மாமா எடுத்துக்கொண்டார். எங்கள் பட்டறையில் லாரிகளுக்குப் பெயரெழுதுகிறவர். அப்பாவைவிட என்னிடம் அதிகம் சண்டை போடுகிறவரும் அவர்தான். அவருக்கு வெறும் பெயர் மட்டும் எழுத மனசு வராது. மேலே ஒரு தாமரை, கீழே ஒரு துணை போட்டால்தான் கை நகரும். விளையாடுகிறவர்கள் இணையத்தில் வைத்துக்கொள்ளும் பெயர்களோ ஒன்றுகூடப் பெயர் மாதிரி இருக்காது.

"இதென்ன சாமி, இருட்டு ஓநாய்னு எழுதச் சொல்றியா?"

"அது அவரு வெச்சுக்கிட்ட பேருங்க மாமா."

"பெத்தவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"தெரியலீங்க."

"பாவம். ஒரு முருகன் துணை சேத்துப் போட்டுடறேன்."

இப்படியாக இருட்டு ஓநாய்க்கு முருகனும், பிரேசிலில் ஒருத்தருக்கு அங்காளம்மனும், நார்வேயில் ஓலாவ் என்ற பெரியவருக்கு நாமக்கல் ஆஞ்சநேயரும் துணை நின்றார்கள். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? சிவப்பும் மஞ்சளுமாக, ஒவ்வொரு ஓடும் குட்டி லாரி மாதிரி இருந்தது. அந்த அழகைப் பார்த்துவிட்டு நான் செய்தது சரிதான் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

மறுநாள் கூரியர் ஆபீஸுக்குப் போனேன்.

"உள்ள என்னங்க?"

"முட்டைங்க."

"திங்கற பொருள் போகாதுங்க."

"திங்க முடியாதுங்க. ஓடு மட்டும்தான்."

கவுன்டரில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெறும் ஓட்டையா காசு குடுத்து நார்வேக்கு அனுப்பறீங்க?" என்று கேட்டுவிட்டு, அட்டைப்பெட்டியின் நீளம் அகலம் பார்த்து ஒரு தொகை சொன்னார். காற்று மாதிரி பறக்கிற பொருளுக்கும் பெட்டியின் அளவைப் பார்த்துத்தான் காசு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு பெட்டி அனுப்புகிற செலவிலேயே, அந்த ஆள் எனக்குக் கொடுத்த மொய் கிட்டத்தட்ட முழுசாகப் போய்விடும்.

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஜெனிக்குப் போன் செய்தேன்.

"அனுப்புனா கேமுக்குக் காசு இருக்காது" என்றாள். "கேமைச் செஞ்சா முட்டை போகாது. ரெண்டுல ஒண்ணுதான் சுகு."

அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் திட்டவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"பந்தில உக்காரச் சொல்லிப்போட்டு எல போடாம இருக்க முடியுமா சாமி? சொன்னது சொன்னதுதான். எல்லாத்தையும் தாட்டி உட்ரு, போய்ச் சேரட்டும்."

"அப்ப கேம்?"

"அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல பேக்கிங்க நான் பாத்துக்கறேன். நாமக்கல்லுக்காரனுக்கு முட்டை பேக்கிங் எவன் சொல்லித் தரோணும்?"

எங்கள் ஊரிலிருந்து எத்தனையோ கடல் தாண்டி முட்டை போகிறது, உண்மை. அது உள்ளே சரக்கு இருக்கிற முட்டை. காலி ஓட்டுக்கு அந்தத் திடம் கிடையாது என்பதை அப்பாவும் யோசிக்கவில்லை, பேக்கிங்குக்குத் தென்னை நார் உரித்துக் கொடுத்த வெல்டரும் யோசிக்கவில்லை, மேற்பார்வை பார்த்த நானும் யோசிக்கவில்லை. டிரேயை வெட்டி, நார் அடைத்து, ஒட்டி, ஒவ்வொரு பெட்டியையும் அப்பா தாயத்துக் கட்டுவது போலப் பயபக்தியோடு கட்டினார். ஐப்பசியில் எல்லாப் பெட்டிகளும் போயின. கூடவே எங்கள் பணமும் போனது. கேமில் லாரி வாளையாறு சோதனைச்சாவடியில் நின்றுகொண்டிருந்தது, கேரளா இன்னும் வரையப்படவே இல்லை.

கார்த்திகையில் போட்டோக்கள் வர ஆரம்பித்தன. முதலில் ஜெர்மனி. பெட்டியைத் திறந்தால் நாருக்கு நடுவில் தூள். அப்புறம் ஜப்பான், தூள். பிரேசில், தூள். இருட்டு ஓநாயின் பெட்டியில் முருகன் துணை மட்டும் ஒரு துண்டாகத் தப்பியிருந்தது. ஒவ்வொரு போட்டோவாக அப்பாவுக்குக் காட்டினேன். அவர் ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது ரோட்டு மேல தப்பு சாமி" என்றார். ஒன்றுகூட, ஒரே ஒரு முட்டைகூட, முழுசாகப் போய்ச் சேரவில்லை.

எனக்கு அழுகையாக வந்தது. முன்பின் தெரியாத மனிதர்கள் என்னை நம்பிக் காசு கொடுத்தார்கள். அவர்களுக்குக் கேமும் இல்லை, முட்டையும் இல்லை, நாமக்கல் தென்னை நார்தான் மிச்சம். மார்கழியில் ஒரு காலை, பெட்டியில் துணியை எடுத்து வைத்துவிட்டு, நடந்த அத்தனையும் ஒளிக்காமல் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். தாம்பூலப் பை, ஊசி, புரட்டாசி, பஸ்ஸில் கொட்டியது, கூரியர் கணக்கு எல்லாவற்றையும். என்னால் கேமை முடிக்க முடியாது, மன்னித்துவிடுங்கள், நான் வேலைக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதி முடித்தேன். திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

முதல் பதில் நார்வேயிலிருந்து, ஓலாவிடமிருந்து வந்தது. ஜெனி அதைத் தமிழாக்கி வாய்விட்டுப் படித்தாள்.

"எதுக்கும்மா மன்னிப்பு? முட்டை லாரி விளையாட்டுக்குத்தானே காசு கொடுத்தேன். ஒரு முட்டை நாமக்கல்லிலிருந்து கிளம்பி என் வீட்டுக்கு வருவதற்குள் உடைந்துவிட்டது. இதைவிட நன்றாக அந்தக் கேமை யாரும் விளையாட முடியாது."

அதற்குக் கீழே இன்னொருத்தர், அதற்குக் கீழே இன்னொருத்தர். உடைந்த ஓட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார் ஒருவர். துண்டுகளை ஒட்டிப் பார்த்து, தாமரையை மட்டும் முழுசாக்கிவிட்டதாக எழுதினார் இன்னொருவர். புரட்டாசி என்றால் என்ன என்று கேட்டவர்கள் ஏராளம். பெருமாளிடம் நான் மன்னிப்புக் கேட்டாயிற்றா என்று கேட்டவர்களும் உண்டு. எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். இன்னும் பணம் தருகிறோம், தயவுசெய்து எதையும் அனுப்பிவிடாதே.

ஜெனிக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பரிசுப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள்: 'உங்களுக்கு எதுவுமே அனுப்ப மாட்டோம் என்று உறுதி கூறுகிறோம்.' எங்கள் கேமின் வரலாற்றிலேயே அதிகம் பேர் போட்டி போட்டு எடுத்த பரிசு அதுதான்.

"வெறுங்கையோடயா?" என்று அம்மாவுக்கு மட்டும் கடைசி வரை மனசு ஆறவில்லை.

அன்றைக்கு நான் அழுத அழுகை வேறு. என் முட்டாள்தனத்துக்கு இத்தனை பேர் சேர்ந்து விலை கொடுத்தார்கள், அதையும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவர்கள் எல்லோருக்கும் நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

தை பிறந்தது. பணம் இருந்தது, ஆனால் கேம் முடியவில்லை. பொங்கல் அன்று மத்தியானம் நானே அப்பாவிடம் போய் நின்றேன்.

"தை பொறந்துருச்சுங்கப்பா."

"ஆமா."

"கேம் முடியல."

அப்பா கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார். "தை பொறக்கற வரைக்கும்னுதான் சொன்னேன். எந்தத் தைன்னு சொன்னனா?"

அவ்வளவுதான். எழுந்து கை கழுவப் போய்விட்டார். கேம் அந்த ஆவணியில் வெளியானது. ஓகோவென்று ஓடவில்லை. ஆனால் எனக்கும் ஜெனிக்கும் அடுத்த கேம் செய்யும் அளவுக்குச் சோறு போட்டது, இன்னும் போடுகிறது. கேமின் கடைசியில் கேரளாவில் லோடு இறக்கும்போது, பனியன் போட்ட ஒருத்தர் குறுக்கே நடந்து போவார். அது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

கேம் வந்து சில வாரம் கழித்து நார்வேயிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஓலாவ் அனுப்பியது. பட்டறையே கூடிவிட்டது. அப்பா கத்தியைக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தார். நார் இல்லை, பஞ்சு இல்லை, ஒரே ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றி, உள்ளே ஒரு முட்டை. சிவப்பிலும் மஞ்சளிலும் தாமரை. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது மாதிரி கோணல்மாணலான தமிழில் 'சுகன்யா' என்று என் பெயர். ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தது.

அப்பா அதைக் கையில் எடுத்தார். எடுத்ததும் முகம் மாறியது. சுண்டிப் பார்த்தார். டொக்கென்று சத்தம் வந்தது.

"சாமி, இது மரம்."

அப்பா மெதுவாகத் திரும்பித் தன் பட்டறையைப் பார்த்தார். கந்தசாமி மாமாவும் பார்த்தார். நானும் பார்த்தேன். தரையிலிருந்து கூரை வரைக்கும் பலகை, பலகை, பலகை. மூலையில் மரம் கடையும் கடைசல் மெஷின் வேறு.

"மரத்துல செஞ்சிருந்தா என்ன?" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யார் எந்த வேலையைச் சுற்றி வளைத்துச் செய்தாலும் இந்தக் கேள்விதான். அம்மா குக்கருக்கு வாஷர் கிடைக்காமல் ஊரெல்லாம் அலைந்தாலும் கேட்போம், ஜெனி ஒரே படத்தைப் பத்துத் தடவை அழித்து வரைந்தாலும் கேட்போம். என் கணவர் பெண் பார்க்க வந்தபோது வழி தெரியாமல் மோகனூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அவரிடம் அப்பா முதன்முதலாகப் பேசிய வாக்கியமே இதுதான்.

அந்தக் கல்யாணத்தில் அப்பா பிடிவாதமாக ஒன்று செய்தார். தாம்பூலப் பையில் தேங்காயோடு, பட்டறையில் கடைந்து கந்தசாமி மாமா வெள்ளை அடித்த மரமுட்டை ஒன்று. ஓலாவுக்கும் ஒன்று போனது, மஞ்சள் தடவிய பத்திரிகையோடு. அது முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று போட்டோ வந்ததும் அப்பா அன்றைக்கு முழுக்க யாரையும் திட்டவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் சாய்ந்திருந்தபோது, எருமப்பட்டிப் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஏஞ்சாமி, பைல குடுத்த முட்டையக் காத்தாலிருந்து வேக வெக்கறேன். கீழ போட்டும் பாத்துட்டேன். ஓடு விடவே மாட்டேங்குது."

வயிறு நிறைந்திருந்த நேரம்தான். ஆனாலும் இந்தத் தடவை கொஞ்சமும் பயமில்லாமல் வாக்குக் கொடுத்தேன்.

"அது ஒடையாதுங்க பெரியம்மா."